ஒரு கோதுமை மணியின் எடை

போன வருடம் என் மகளுக்கு சீலியாக் நோய் என்று உறுதியானபோது, மருத்துவர் சொன்னதைவிட அதிகமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஆய்வுக்கட்டுரைகளைப் படிக்க ஆரம்பித்தேன். மென்பொருள்காரனின் கெட்ட பழக்கம் அது. எங்கேயாவது பிழை வந்தால் உடனே மூல ஆவணத்தைத் திறக்க வேண்டும். பகலில் வேலை, ராத்திரி பதினோரு மணிக்குமேல் குடல் அழற்சி. இரண்டு மாதத்தில் நான் அந்தக் கட்டுரைகளைத் தகவலுக்காகப் படிப்பதை விட்டுவிட்டு, கதைகளைப் படிப்பதுபோலப் படிக்கத் தொடங்கியிருந்தேன். யார் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார், யாருக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறார் என்று.

அப்படிப் படித்ததில் எனக்கு ஓர் அளவுகோல் கிடைத்தது. நல்ல அறிவியல் எழுத்தை மோசமானதிலிருந்து பிரிப்பது நடை அல்ல. தன் வாதத்துக்குள் அடங்காத அந்த ஒரு நோயாளியை ஒரு பிரதி என்ன செய்கிறது என்பதுதான். இந்தக் கட்டுரை அந்த அளவுகோலை வைத்துச் சில பிரதிகளை வாசிக்கும் முயற்சி. எனக்கு இதில் சொந்த அக்கறை இருக்கிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு நோயாளி என் வீட்டில் இருக்கிறாள்.

*

முதல் பிரதி லண்டன் மருத்துவர் சாமுவேல் ஜீ 1888-இல் வெளியிட்ட சிறு கட்டுரை. நவீன மருத்துவத்தில் இந்த நோயின் முதல் முழுமையான விவரிப்பு என்று இதைத்தான் சொல்வார்கள். சில பக்கங்கள்தான். வெளிறிய, உப்பிய வயிறுள்ள, வளராமல் நின்றுவிட்ட குழந்தைகளை அவர் விவரிக்கும்போது எனக்கு என் மகளின் பழைய போட்டோக்களைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. ஆறு வயதில் நாலு வயதுச் சட்டை போட்டுக்கொண்டிருந்தாள். இரும்புச்சத்து டானிக் மூன்று பாட்டில் முடிந்தும் ரத்தம் ஏறவில்லை. "சாப்பாட்டுல இன்ட்ரஸ்ட் இல்ல, அவ்வளவுதான்" என்று இரண்டு டாக்டர்கள் சொன்னார்கள்.

ஜீ, உணவில்தான் இதற்குத் தீர்வு இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார். மாவுப் பண்டங்களைக் குறைக்கச் சொல்கிறார். ஆனால் மெல்லியதாக வெட்டி இருபுறமும் நன்றாக வாட்டிய ரொட்டியை அனுமதிக்கிறார்! வாசலுக்கு வந்துவிட்டு வேறு வீட்டுக் கதவைத் தட்டியதுபோல. அதைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு இடம். ஒரு குழந்தைக்கு தினமும் ஒரு குவார்ட் அளவுக்கு, அதாவது ஒரு லிட்டருக்கும் கொஞ்சம் அதிகமாக, டச்சு சிப்பிகளைக் கொடுத்திருக்கிறார்கள். பிரமாதமாகத் தேறியிருக்கிறது. சிப்பிப் பருவம் முடிந்ததும் மறுபடி படுத்துவிட்டது. அடுத்த பருவத்தில் அந்தக் குழந்தை சிப்பியைத் தொடவே மறுத்துவிட்டது. இந்தச் சோதனையைத் தன்னால் இன்னும் திருப்பிச் செய்ய முடியவில்லை என்று ஜீ எழுதி வைத்திருக்கிறார்.

சிப்பியில் மந்திரம் ஒன்றும் இல்லை என்று இன்று நமக்குத் தெரியும். அவ்வளவு சிப்பி சாப்பிட்ட குழந்தையின் வயிற்றில் ரொட்டிக்கு இடம் இருந்திருக்காது. ஜீக்கு அது தெரியாது. தெரியாததால் அவர் அந்தக் குழந்தையைக் கட்டுரையிலிருந்து நீக்கவும் இல்லை, சிப்பி வைத்தியம் என்று ஒன்றை அறிவிக்கவும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். நூற்றுமுப்பது வருடம் கழித்து அந்தப் பத்தி இன்னும் உயிரோடு இருப்பது இதனால்தான்.

இதன் எதிர்ப்பக்கம் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ். 1924-இல் அவர் வாழைப்பழம் இந்த நோய்க்கு மருந்து என்று எழுதினார். பத்துக் குழந்தைகள். வாழைப்பழ உணவில் இருந்த எட்டுப் பேர் தேறினார்கள், மற்ற இருவர் இறந்துபோனார்கள். அவருடைய உணவுப் பட்டியலில் ரொட்டி கிடையாது. உயிரைக் காப்பாற்றியது பட்டியலில் இல்லாத ரொட்டி. புகழ் கிடைத்தது பட்டியலில் இருந்த பழத்துக்கு. எங்கள் தொழிலில் இதைத் தினமும் பார்க்கலாம். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது, ஆகவே ரீஸ்டார்ட்தான் தீர்வு என்று ஒருவர் ஆவணத்தில் எழுதி வைப்பார். ஹாஸின் குழந்தைகள் பிழைத்தார்கள், அது சிறிய விஷயம் இல்லை. ஆனால் குணமாகிவிட்டது என்று நம்பி மறுபடி ரொட்டிக்குத் திரும்பியவர்களுக்கு அந்தப் பிரதியில் எச்சரிக்கை எதுவும் இல்லை. ஜீயின் தயக்கம் ஹாஸிடம் இல்லை.

*

மூன்றாவது கதை நமக்குப் பெரும்பாலும் கதையாகவேதான் வந்து சேர்கிறது. 1944-45 குளிர்காலம், ஜெர்மானிய ஆக்கிரமிப்பில் நெதர்லாந்து. உணவு வரத்து நிறுத்தப்பட்டுப் பஞ்சம். மக்கள் துலிப் கிழங்கைத் தின்றார்கள். ஏறத்தாழ 20,000 பேர் செத்தார்கள். ரொட்டியே இல்லாத அந்த மாதங்களில் சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ அதைக் கவனித்தார், கோதுமைதான் குற்றவாளி என்று கண்டுபிடித்தார்.

அழகான கதை. பஞ்சத்தில் ஊரே வாட, சில குழந்தைகள் மட்டும் தளிர்ப்பது என்ற காட்சியை எந்தச் சிறுகதை எழுத்தாளனும் விடமாட்டான். அழகாக இருப்பதுதான் இதில் எனக்குப் பிரச்சனை. டிக்கெவுக்குக் கோதுமைமேல் சந்தேகம் போருக்கு முன்பே, 1930களிலேயே வந்துவிட்டது. ரொட்டி இல்லாத உணவைத் தன் நோயாளிகளிடம் அவர் ஏற்கெனவே சோதித்துக்கொண்டிருந்தார். போர் அவருடைய ஊகத்தை உறுதிப்படுத்தியது. அதன் பிறகும் அவர் உட்ரெக்ட்டில் தன் முனைவர் ஆய்வேட்டை முடிக்க 1950 ஆனது. சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, குழந்தைகளின் மலத்தில் கொழுப்பு எவ்வளவு வெளியேறுகிறது என்று அளந்து அளந்து நிறுவினார்கள்.

பிரபலக் கதை எதை வெட்டிவிட்டது பாருங்கள். பல வருடப் பொறுமையையும், மலத்தை எடைபோட்ட வேலையையும். ஒரு கணத்தில் உதித்த ஞானமாக எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. நம் ஊர் அறிவியல் எழுத்தும் இந்த நோயால் அவதிப்படுகிறது என்றுதான் நினைக்கிறேன். ஆர்க்கிமிடிஸ் தொட்டியிலிருந்து குதித்ததை நாம் எழுதுவோம். அளந்தவர்களை எழுதமாட்டோம்.

*

அளப்பது என்று வந்துவிட்டதால் அதற்குள் கொஞ்சம் போகலாம். 'குளூட்டன் இல்லாதது' என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதே, அந்தச் சொற்றொடர் ஒரு பிரதி. மிகவும் சின்ன, மிகவும் செல்வாக்குள்ள பிரதி. அது சொல்வது சுழியம் என்று. அதன் பொருள் 20 பி.பி.எம், அதாவது ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராம் வரை. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு 2008-இல் ஏற்ற எல்லை இது. அமெரிக்காவிலும் இந்தியாவிலும் அதே 20தான்.

அந்த 20 எங்கிருந்து வந்தது என்று தேடினால் வந்து நிற்கும் முக்கியமான ஆய்வு 2007-இல் இத்தாலியின் கடாஸி குழு வெளியிட்டது. கட்டுப்பாடான உணவில் இருந்த 49 நோயாளிகள். மூன்று குழு. ஒரு குழுவுக்குத் தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன், இன்னொன்றுக்கு 10, மூன்றாவதற்கு வெறும் மாத்திரை. 90 நாள். 50 வாங்கியவர்களின் குடலில் சேதம் தெரிந்தது. ஆகவே தினசரி அளவு 50-க்கு நன்றாகக் கீழே இருக்க வேண்டும். 20 பி.பி.எம் உணவை ஒருவர் அரை கிலோ சாப்பிட்டாலும் 10 மில்லிகிராம்தான் ஆகும். நியாயமான பொறியியல்.

ஆனால் அதே ஆய்வில் 10 மில்லிகிராம் குழுவில் ஒருவர் நோய் திரும்பி விலகினார். கட்டுரை அவரை மறைக்கவில்லை. சுருக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அந்தக் கட்டுரையை மதிக்கிறேன். அதே வாக்கியம் பாக்கெட்டுக்கு வந்து சேரவில்லை என்பதால் பாக்கெட்டை மதிப்பதில்லை.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதும் சுவாரசியம். எலைசா என்ற சோதனையை ஒரு மென்பொருள்காரனுக்குச் சொல்வதானால், அது எழுத்துத் தேடல். புரதம் என்பது அமினோ அமிலங்களால் ஆன நீண்ட சரம். மாட்ரிட்டில் உருவாக்கப்பட்ட ஆர்5 என்ற எதிர்ப்புரதம் அந்தச் சரத்தில் ஐந்தெழுத்து வடிவம் ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். கோடெக்ஸ் ஏற்றது இதைத்தான். சாதாரண வகையில் ஒரே துண்டில் இரண்டு இடத்தில் பிடி கிடைத்தால்தான் எண்ணிக்கையில் சேரும். பீர், சோயா சாஸ் போன்ற புளித்த உணவில் புரதம் துண்டுதுண்டாக உடைந்திருக்கும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு பிடிதான் இருக்கும். கருவி குறைத்துக் காட்டும். துண்டுகளோ நோயாளியின் குடலைத் தொந்தரவு செய்யப் போதுமானவையாக இருக்கலாம். 2002-இல் ஸ்டான்ஃபோர்ட் குழு அடையாளம் காட்டிய, செரிமான நொதிகளுக்கு மசியாத துண்டு வெறும் 33 அமினோ அமில நீளம்தான். புளித்த உணவுக்கு வேறு வகைச் சோதனை உண்டு. ஆனால் எந்த உணவுக்கு எந்தச் சோதனை செய்தார்கள் என்று பாக்கெட் சொல்வதில்லை.

அடுத்தது சராசரி என்ற பொய். ஒரு கோதுமை மணி சுமார் 40 மில்லிகிராம். அதில் எட்டில் ஒரு பங்கு புரதம், புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு குளூட்டன் என்று வைத்தால், ஒரு மணியில் 4 மில்லிகிராம். ஒரு கிலோ ஓட்ஸ் பையில் ஒரு கோதுமை மணி தவறி விழுந்தால் பைக்கு 4 பி.பி.எம். தாராளமாக 'இல்லாதது'. அந்த மணி 50 கிராம் காலை உணவுக் கிண்ணத்துக்குள் வந்தால், அந்தக் கிண்ணத்தில் 80 பி.பி.எம். பை நல்ல பைதான். கிண்ணம்தான் கெட்டது. சாப்பிடுகிறவள் பையைச் சாப்பிடுவதில்லை. எங்கள் அலுவலகத்தில் 'சராசரியாக அரை நொடியில் பக்கம் திறக்கிறது' என்று யாராவது சொன்னால் எல்லோரும் சிரிப்போம். பத்து நொடி காத்திருந்தவன்தான் போன் பண்ணித் திட்டுவான். ஆனால் உணவு விஷயத்தில் சராசரியை நாங்களே நம்பினோம்.

*

எங்கள் வீட்டுக் கதை இங்கே வருகிறது. சப்பாத்தி, பரோட்டா, பிரெட், ரவை, சேமியா எல்லாம் போய்விட்டது. இட்லி தோசை சாப்பிடும் வீட்டுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா என்று உறவினர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் எண் இறங்க வேண்டிய அளவு இறங்கவில்லை. "வெளியில ஏதாவது வாங்கிக் குடுக்கறீங்களா?" என்று மருத்துவர் கேட்டார். இல்லை. என் மனைவி ஒருநாள் அடுக்களையில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் எடுத்துப் பின்பக்கம் படித்தாள். பெருங்காய டப்பாவில் நின்றுவிட்டாள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் கோந்தோடும் மாவோடும் சேர்த்ததுதான். அந்த மாவு பல டப்பாக்களில் கோதுமை அல்லது மைதா.

நான் கணக்குப் போட்டேன். ஒரு பானைச் சாம்பாருக்கு அரை கிராம், அதில் பாதி மைதா, மைதாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்றால் 25 மில்லிகிராம். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 5. சாம்பார், ரசம், மோர் என்று மூன்று தடவை என்றால் 15. கடாஸியின் ஆய்வில் விலகிய அந்த ஒருவரின் பத்தைத் தாண்டிவிட்டோம். அதோடு அரிசி மாவை நாங்கள் அரைத்த மில்லில் முன்னால் நின்றவர் கோதுமை அரைத்திருப்பார். இரண்டையும் ஒரே வாரத்தில் நிறுத்தினோம். எண் இறங்கியது. எது காரணம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஹாஸைத் திட்டிவிட்டு நானே பெருங்காயத்தைக் குற்றவாளி ஆக்க விரும்பவில்லை.

*

ஆனால் வீட்டில் உண்மையான சண்டை பெருங்காயத்தால் வரவில்லை. மரபணு அறிக்கையால் வந்தது. நானும் என் மனைவியும் சோதித்துக்கொண்டோம். எச்.எல்.ஏ டி.க்யூ2, டி.க்யூ8 என்று இரண்டு வகை. கிட்டத்தட்ட எல்லா சீலியாக் நோயாளிகளிடமும் இவற்றில் ஒன்று இருக்கும். அறிக்கை வந்த அன்று ஊரிலிருந்து அம்மா போனில் கேட்டார். "எங்க வழியில யாருக்கும் இப்படி ஒண்ணு கிடையாதேப்பா. யார் பக்கத்துல இருந்து வந்துச்சாம்?" ஸ்பீக்கரில் இருந்தது. நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். ராத்திரி மனைவி கேட்டாள். "உங்க அம்மா கேட்டதுக்கு நீங்க ஏன் பதில் சொல்லல? ரெண்டு பேருக்கும் இருக்குன்னு சொல்ல என்ன கஷ்டம்?"

அந்த அறிக்கையையும் நான் பிரதியாகத்தான் படித்தேன். நான் வாசித்ததிலேயே மோசமானது அதுதான். 'அதிகரித்த அபாயம்' என்று சிவப்பில் இருந்தது. அதற்குமேல் விளக்கம் இல்லை. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல் இதே வகைகளைச் சுமக்கிறது, அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது என்ற வாக்கியம் அதில் இல்லை. இந்தச் சோதனையின் உண்மையான பயன் எதிர்த்திசையில்தான், இரண்டும் இல்லாதவருக்கு சீலியாக் வருவது மிக அரிது என்ற வாக்கியமும் இல்லை. தன்னிடம் இருந்த மிகச் சிறந்த இரண்டு வாக்கியங்களை விட்டுவிட்டு எழுதப்பட்ட பிரதி.

நாம் அதை எப்படி வாசித்தோம் என்பதும் முக்கியம். சிலப்பதிகாரத்திலிருந்து சீரியல் வரை நமக்கு ஊழ் பழக்கம். காரணம் முன்னமே எழுதப்பட்டிருக்கும், இப்போது வெளிப்படுகிறது, அவ்வளவுதான். மரபணு என்ற சொல் வந்ததும் நாம் அதை ஊழின் இருக்கையில் உட்கார வைத்துவிட்டோம். பழைய ஊழுக்காவது போன பிறவியில் நான் செய்த வினை என்று ஒரு பொறுப்பு இருந்தது. இந்தப் புது ஊழ் மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே பழியைப் பங்கு வைக்கிறது.

இதற்கு எதிராக நான் படித்த நல்ல பிரதி 2016-இல் வந்த இந்திய ஆய்வு. வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்கள். ரத்தத்தில் நோய்க்கான எதிர்ப்புரதம் இருந்தவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. மரபணு வகைகளோ மூன்று பகுதியிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம். கோதுமை உட்கொள்வதில் பெரிய வித்தியாசம். தெற்கில் ஒருநாள் சராசரி 25 கிராம்தான், வடக்கில் அதைப்போலப் பல மடங்கு. வடகிழக்கில் கோதுமை மிகக் குறைவு, நோய் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆகவே தட்டும் முழு விளக்கம் அல்ல. கதை ஒரே வரியில் முடிய மறுக்கும் இடத்தில் அந்தக் கட்டுரை நேர்மையாக நிற்கிறது. தெற்கின் அந்த 0.10-ஐப் பார்த்து, ஆயிரத்தில் ஒருவர் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, ஹாலில் படம் வரைந்துகொண்டிருந்தவளைப் பார்த்தேன்.

*

அப்படியானால் இந்த மரபணுக்கள் ஏன் நம்மிடம் இருக்கின்றன? கெடுதல் என்றால் இத்தனை ஆயிரம் வருடத்தில் கழிந்துபோயிருக்க வேண்டாமா? இதற்கு ஓர் அழகான பதில் உண்டு. 2010-இல் வெளியான ஆய்வு, சீலியாக் அபாயத்தோடு தொடர்புடைய எஸ்.எச்.2.பி.3 என்ற இன்னொரு மரபணு வடிவம் உள்ளவர்களின் செல்கள் பாக்டீரியாக் கூறுகளுக்கு வலுவாக எதிர்வினை செய்வதைக் காட்டியது. ஐரோப்பியர்களிடம் அது 1200 முதல் 1700 ஆண்டுகளுக்கு முன் பரவியிருக்கலாம் என்று கணித்தது. தொற்றிலிருந்து காத்த கவசம் இன்று நம் குடலையே கீறுகிறது என்ற வாசிப்பு. அரிவாள் செல் மரபணு மலேரியாவிலிருந்து காக்கிறது என்று 1954-இல் ஆந்தனி அல்லிசன் நிறுவியதன் நிழல் இதில் இருக்கிறது. ஆனால் அல்லிசனின் கதைக்கு இருக்கும் வலு இதற்கு இன்னும் வரவில்லை. ஆய்வகத்தில் செல்கள் எதிர்வினை செய்வது வேறு, கிராமங்களில் குழந்தைகள் பிழைப்பது வேறு. மறுசொல்லல்களில் இந்த இடைவெளி காணாமல் போய்விடுகிறது.

2017-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ரியோவைரஸ் ஆய்வுக்கும் இதே கதி. சாதாரணமாகத் தொந்தரவே செய்யாத ஒரு வைரஸ், எலிகளின் குடல் உணவைச் சகித்துக்கொள்ளும் தன்மையைக் குலைக்கிறது என்று காட்டினார்கள். மனிதர்களிடம் காட்டியது, நோயாளிகளில் அந்த வைரஸுக்கான எதிர்ப்புரதம் கூடுதலாக இருப்பதை மட்டும். கட்டுரைக்கு அந்த வித்தியாசம் தெரியும். 'வைரஸால் வருகிறது சீலியாக்' என்ற தலைப்புகளுக்குத் தெரியாது.

கொரோனா காலத்தில் இந்த வகை எழுத்து எங்கள் குடும்பக் குழுவரை வந்தது. மூன்றாம் குரோமோசோமில் நியாண்டர்தால்களிடமிருந்து வந்த ஒரு பகுதி கடும் கொரோனா அபாயத்தைக் கூட்டுகிறது, தெற்காசியாவில் பாதிப் பேர் அதைச் சுமக்கிறார்கள் என்று 2020-இல் ஸெபர்க், பேபோ இருவரும் எழுதினார்கள். 'நம்ம ரத்தத்துலயே இருக்கு' என்று ஒரு மாமா முன்னனுப்பினார். 2022-இல் ஸெபர்க் அதே பகுதி எச்.ஐ.வி தொற்று அபாயத்தை 27 சதவீதம் குறைக்கிறது என்று கண்டார். அதை யாரும் முன்னனுப்பவில்லை. ஒரே எழுத்துக்கள்தான். எந்தத் தொற்றின் முன்னால் நிற்கிறோம் என்பதைப் பொறுத்து அது சாபம் அல்லது வரம். 'அபாய மரபணு' என்று ஒரு பெயரை நிரந்தரமாக ஒட்டுவது மோசமான பெயர்சூட்டல். எங்கள் தொழிலில் இப்படிப் பெயர் வைத்தால் சீனியர் திருப்பி அனுப்பிவிடுவார்.

*

போன மாதம் அம்மா சென்னைக்கு வந்தார். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று இப்போது அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார். ஒரு சாயங்காலம், போனில் விட்ட பதிலைச் சொன்னேன். "ரெண்டு பக்கமும் இருக்கும்மா. என் பக்கம்னா, உங்கிட்ட இருந்தோ அப்பாகிட்ட இருந்தோதான் வந்திருக்கும். மூணு பேர்ல ஒருத்தருக்கு இருக்கு. இருந்தா வந்தே ஆகணும்னு இல்ல."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், குழாய்ச் சத்தம் நின்றது.

"எனக்கு முப்பது வருஷமா ரத்தம் ஏறவே இல்லையே. எத்தனை மாத்திரை. ஆபரேஷன் பண்ணியும் ஏறல. எனக்கும் பார்க்கணுமா?"

இரண்டு மாதம் ராத்திரி முழிச்சிருந்து கட்டுரைகளில் விதிவிலக்குகளைத் தேடியவனுக்கு அம்மாவின் மாத்திரை டப்பா ஞாபகத்துக்கு வரவே இல்லை. ரத்தசோகைக்கு நூறு காரணம் இருக்கலாம். அம்மாவுக்கு இதுதான் என்று நான் சொல்லமாட்டேன்.

"பார்த்துடலாம்மா" என்றேன். அதோடு ஒன்றையும் சொன்னேன். சோதனை முடியும்வரை சப்பாத்தியை நிறுத்த வேண்டாம், நிறுத்திவிட்டால் எதிர்ப்புரதம் குறைந்து ரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போய்விடும். அம்மா அடுக்களையைப் பார்த்தார். அங்கே இப்போது கோதுமை மாவே கிடையாது. "கடையில வாங்கி வெளியிலயே சாப்பிட்டுட்டு வந்துடறேன். பிள்ளை கண்ணுல படாம" என்றார்.